ஓரிரவு இருந்து எழுதிய அறிக்கை

“அந்தப் புள்ளைங்க வந்து எழுதிக்கினு போச்சிங்களே, அது இன்னா ஆச்சி?”

என் அக்கா இந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்து முப்பது வருஷம் ஆகிறது. அப்போது அவளுக்குப் பத்துப் பதினோரு வயசு. காஞ்சிபுரம் பட்டுப்புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் கோர்வை போட வேண்டும். பெரியவர் ஒருத்தர் தறியில் உட்கார்ந்தால், கரைப்பக்கம் நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை சின்னக் கையாக இருந்தால் கூலி குறைவு. வீட்டில் வாங்கிய முன்பணத்துக்காக என் அக்கா அந்தச் சின்னக் கையாகப் போனாள். ஓரிக்கை காலனியிலிருந்து விடிகாலையில் போய், விளக்கு வைத்த பிறகு திரும்புவாள். அப்போதுதான் பட்டுத்தறியில் குழந்தைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். பேர் என்ன, வயசு என்ன, என்ன சாதி, முன்பணம் எவ்வளவு, முதலாளி அடிப்பாரா, மத்தியானச் சோறு உண்டா. எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் வேறு ஆட்கள் வந்து அதையே கேட்டார்கள். அக்கா தறியை விட்டு எழுந்தது கல்யாணத்துக்குத்தான். எந்த அறிக்கையும் அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிடவில்லை.

அறிக்கையால் ஒன்றுமே நடக்காது என்று சொல்ல வரவில்லை. 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரம் இருக்கிறது. அப்படிப்பட்ட எழுத்தும், தெருவில் இறங்கிய இயக்கங்களும் சேர்ந்து கொடுத்த நெருக்கடிக்குப் பலன் இருந்தது. அக்காவின் கேள்வி வேறு. என் வாயிலிருந்து எடுத்துக்கொண்டு போனது எங்கே போயிற்று? யார் படித்தார்கள்? படித்து என்ன முடிவுக்கு வந்தார்கள்? அந்த முடிவை என்னிடம் ஏன் ஒருத்தரும் வந்து சொல்லவில்லை?

இப்போது அதே அக்காவின் மகள் ஓர் அறிக்கை எழுதி முடித்திருக்கிறாள். வேறு மாநிலத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் பொதுக்கொள்கை முதுகலை. பேர் வேண்டாம். இரண்டு வருஷப் படிப்பின் கடைசியில் தர வேண்டிய அறிக்கைக்கு அங்கே கேப்ஸ்டோன் என்று பேர். அரசின் ஒரு சட்டத்தையோ திட்டத்தையோ எடுத்துக்கொண்டு, அது தரையில் எப்படி நடக்கிறது என்று விசாரித்து, என்ன செய்யலாம் என்று பரிந்துரை சொல்லி முடிக்க வேண்டும். கேப்ஸ்டோன் என்றால் கட்டடத்தின் உச்சியில் கடைசியாக வைக்கிற கல். அக்கா வீட்டுக்காரர் கொத்தனார். அவரிடம் மகள் இதை விளக்கியபோது சிரித்தார். “மேல வெக்கிற கல்லுக்கு இம்மாம் பெரிய பேரு. கடக்காலுல போட்ட கல்ல எவன் பாக்கறான்?”

இந்தக் கட்டுரை அந்தக் கடைக்கால் கல்லைப் பற்றியது. எங்களைப் பற்றி எழுதப்படுகிற ஓர் அறிக்கை எப்போது ‘முடிகிறது’ என்பதைப் பற்றியது.

ஓரிக்கை என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கல்லால் கட்டிய மணிமண்டபம்தான் தெரியும். கடைசிவரை வர்ணதர்மத்தை விடாமல் உபதேசித்த காஞ்சிப் பெரியவருக்குக் கட்டியது. ஊர்ப் பெயருக்கு வைணவர்கள் இன்னொரு கதை வைத்திருக்கிறார்கள். திருமழிசை ஆழ்வாரின் சீடன் கணிகண்ணனைப் பல்லவ ராஜா காஞ்சியை விட்டுப் போகச் சொல்கிறான். சீடன் போகிறான் என்று ஆழ்வாரும் கிளம்புகிறார். ஆழ்வார் போகிறார் என்று திருவெஃகாவில் படுத்திருந்த பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போகிறார். மூவரும் ஒரு ராத்திரி தங்கிய இடம் ‘ஓர் இரவு இருக்கை’, அது திரிந்து ஓரிக்கை. ராஜா மன்னிப்புக் கேட்டதும் மூவரும் நகரத்துக்கே திரும்பிவிட்டார்கள். சொன்னபடி பாயைச் சுருட்டி, சொன்னபடி மறுபடி விரித்ததால் அந்தப் பெருமாளுக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பேர்.

எங்கள் காலனிக்கு வருகிற ஆய்வாளர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கதைதான் ஞாபகம் வரும். ஒரு ராத்திரி இருக்கை. அப்புறம் நகரத்துக்குத் திரும்புதல். திரும்பிப் போய், பணம் கொடுத்தவர் சொன்னவண்ணம் ஓர் அறிக்கை. கணிகண்ணன் ஒருத்தனுக்காகச் சாமியே பாயைச் சுருட்டியது. ஊருக்கு வெளியே தலைமுறை தலைமுறையாக நிறுத்தப்பட்டவர்களுக்காக எந்தச் சாமி எந்தப் பாயைச் சுருட்டியது?

அக்கா மகள் எடுத்துக்கொண்ட பொருள் பஞ்சமி நிலம். பாலாற்றங்கரையில் சில ஊர்கள். நிபந்தனையை மீறிக் கைமாறிய நிலத்தை மீட்க அரசாணையிலேயே வழி இருந்தும் ஏன் மீட்கப்படவில்லை என்பது அவள் கேள்வி. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு, அ-பதிவேட்டு நகல் வாங்கி, வில்லங்கம் போட்டுப் பார்த்து, வீடுவீடாக உட்கார்ந்து கேட்டு எழுதினாள். முதல் வரைவை அனுப்பினாள். வழிகாட்டியிடமிருந்து சிவப்பில் மூன்று குறிப்புகள் வந்தன.

ஒன்று: ஆய்வாளர் ஆய்வுப்பொருளுக்கு மிக நெருக்கமாக இருக்கிறார், விலகல் இல்லை. இரண்டு: ‘ஆக்கிரமிப்பாளர்’, ‘ஆதிக்க சாதியினர்’ என்ற சொற்களை எடுத்துவிட்டுப் ‘பங்குதாரர்’ என்று போடவும். மூன்று: இது ஆய்வறிக்கை அல்ல, மனு.

பிள்ளை எனக்குப் போன் போட்டு அழுதாள். “மாமா, விட்டுட்டு வந்துடட்டுமா?”

விட்டுவிட்டு வரலாமா? இந்த மூன்று குறிப்புகளும் ஒரு பேராசிரியரின் கோளாறு என்றால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை. இது ஓர் அறிவதிகாரத்தின் மொழி. எனவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நெருக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர். அவர் 1916 வாக்கில் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, தங்களுக்குத் தெரிந்த சொந்த ஊர்களையே ஆராய்ந்து எழுதச் சொன்னார். 1918-ல் அது புத்தகமாக வந்தது. தென்னிந்தியக் கிராம ஆய்வுக்கு அதுதான் பிள்ளையார் சுழி என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்த ஊர்களில் ஒன்று தூசி. காஞ்சிபுரத்திலிருந்து பாலாற்றைத் தாண்டினால் மாமண்டூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் மறு ஆய்வு செய்தார்கள். 1930களில் செய்தார்கள், 1980களிலும் செய்தார்கள். நல்லது, செய்யட்டும். அந்தக் காலத்தில் பல்கலைக்கழகம் போய்ப் பொருளாதாரம் படித்த பையன்களில் எத்தனை பேர் சேரியிலிருந்து போயிருப்பார்கள்? தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தன் பண்ணையாளைப் பற்றி எழுதினவனிடம் ‘நீ ரொம்ப நெருக்கம், விலகி நில்’ என்று யாராவது சொன்னார்களா? அவன் எழுதினால் அது உள்ளூர் அறிவு. பண்ணையாளின் பேத்தி எழுதினால் அது சார்பு. நிலத்தை வைத்திருக்கிறவனும் நிலத்துக்கு நெருக்கமானவன்தானே! அந்த நெருக்கம் மட்டும் ஏன் உங்கள் கண்ணில் படவில்லை?

இரண்டாவது, பங்குதாரர். கொள்கைப் படிப்பில் இது மந்திரச் சொல். ஒரு பிரச்சினையில் சம்பந்தப்பட்ட எல்லாரும் பங்குதாரர்கள். எல்லாரையும் ஒரே அட்டவணையில் போட்டு, யாருக்கு என்ன அக்கறை, யாருக்கு எவ்வளவு செல்வாக்கு என்று கட்டம் கட்ட வேண்டும். கேட்க ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. பஞ்சமி நிலத்தில் இதைப் போட்டுப் பாருங்கள். நிலத்தை இழந்தவர் ஒரு பங்குதாரர். அதில் பிளாட் போட்டு விற்றவரும் ஒரு பங்குதாரர். பத்திரம் பதிந்து கொடுத்த அதிகாரி இன்னொரு பங்குதாரர். திருட்டுக் கொடுத்தவனையும் திருடினவனையும் ‘இரு தரப்பு’ என்று எழுதிவிட்டால் திருட்டு எங்கே போயிற்று? சொல்லை மாற்றுவது சின்ன விஷயம் இல்லை. 1922-ல் சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா எதற்குப் போராடினார்? அரசாங்கம் எங்களை என்ன சொல்லால் எழுத வேண்டும் என்பதற்காக. பறையர், பஞ்சமர் என்று எழுதாதே, ஆதிதிராவிடர் என்று எழுது என்றார். நூறு வருஷம் கழித்து எங்கள் பிள்ளைக்கு வேறொரு சொல்லைத் திணிக்கிறார்கள். அந்தச் சொல்லில் எங்கள் பேரும் இல்லை, எதிராளியின் பேரும் இல்லை.

மூன்றாவது, இது மனு. இதற்கு நான் கோபப்படவில்லை, சந்தோஷப்பட்டேன். ஆமாம், மனுதான்! அவர்கள் மனு எழுதினால் அது தர்மம், நாங்கள் மனு எழுதினால் அது ஆய்வு இல்லையா?

1893-ல் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டார்கள். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அதை எதிர்த்தார். இங்கே நடத்தினால் மேல்சாதிக்காரர்களே அதிகாரிகளாக வந்து எங்கள் மேல் உட்காருவார்கள் என்று 3,412 பேர் கையெழுத்துடன் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். தேசபக்தர்கள் இதற்காக அவரை இன்றைக்கும் முகம் சுளித்துப் பார்க்கிறார்கள். எனக்கு அது இந்த மண்ணில் எழுதப்பட்ட முதல்தரமான பொதுக்கொள்கை ஆவணங்களில் ஒன்று. கொள்கை என்ன என்று கேட்பதற்கு முன்னால், கொள்கையை நடத்தப் போகிறவன் யார் என்று கேட்டது அது. இந்தக் கேள்வியைக் கேப்ஸ்டோன் எழுதச் சொல்லிக்கொடுக்கிற எந்தப் பாடத்தில் வைத்திருக்கிறார்கள்?

அதற்கும் இரண்டு வருஷம் முன்னால், 1891-ல், செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி அரசுக்கு அனுப்பினார். காஞ்சிபுரம் அப்போது செங்கல்பட்டு ஜில்லாவில் சேர்ந்தது. ஆக அது எங்கள் பாட்டன்களைப் பற்றிய குறிப்பு. அவர்களுக்கு நிலம் இல்லை, குடியிருக்கிற மனைகூடச் சொந்தம் இல்லை, தரிசு கேட்டுப் போனால் மிராசுதார் குறுக்கே நிற்கிறான் என்று எழுதினார். எழுதிவிட்டு நிலம் கொடு, மனை கொடு, பள்ளிக்கூடம் கொடு என்றார். எண்ணிக்கை, ஆதாரம், பரிந்துரை மூன்றும் அதில் இருந்தன. இன்றைய கேப்ஸ்டோனுக்குச் சொல்கிற இலக்கணம் அத்தனையும் பொருந்துகிற அந்த எழுத்தும் மனுதான். வெள்ளைக்கார அதிகாரி எழுதிய மனு.

அவர் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை 1010 வந்தது. ஒதுக்கிய நிலத்தை முதல் பத்து வருஷத்துக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்குள்தான் கைமாற வேண்டும். மீறினால் அரசே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மாகாணம் முழுக்க இப்படிக் கொடுத்தது 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அந்த நிலத்தில் இன்றைக்கு யார் இருக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடனுக்கு எழுதி வாங்கினார்கள், மிரட்டி வாங்கினார்கள், பொய்ப் பேரில் பதிந்தார்கள். 1980களில் நடந்த யு.டி.ஆர். பதிவில் ‘நிபந்தனை’ என்ற குறிப்பே பல ஊர்களில் காணாமல்போனது என்று நிலமீட்புத் தோழர்கள் சொல்கிறார்கள். ஒரு சொல் காணாமல்போனால் ஒரு சேரியின் நிலம் காணாமல்போகும். சொல் முக்கியம் இல்லை, பங்குதாரர் என்றே போட்டுக்கொள் என்கிறவர்கள் இதை யோசிக்கட்டும்.

திரும்பக் கேட்டபோது என்ன கிடைத்தது? 1994-ல் காரணை பஞ்சமி நிலத்தில் இறங்கிய மக்கள் அங்கே அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலையை அகற்றினார்கள். அக்டோபர் 10-ந் தேதி செங்கல்பட்டில் கூடி நியாயம் கேட்டவர்கள்மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்துப்போனார்கள். 1891-ல் தொடங்கிய அறிக்கை 1994-லும் முடியவில்லை. அதை ரத்தத்தில் தொடர்ந்து எழுதினார்கள். பஞ்சமி நிலத்தைப் பற்றி எண்பது பக்கம் எழுதிக் கட்டுக்கட்டி வைத்துவிட்டு ‘ஆய்வு முடிந்தது’ என்று எவனாவது சொன்னால் அவனுக்கு முடிவு என்ற சொல்லுக்கே அர்த்தம் தெரியாது.

இங்கே நம் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பிள்ளை அழுதபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இந்த இங்கிலீஷ் குப்பையெல்லாம் நமக்கு எதுக்கும்மா? வந்து உன் அம்மா கதைய எழுது. அதுதான் இலக்கியம்.” எம்.ஏ. தமிழ் படித்தவன் வேறு எதைச் சொல்வான்? அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: “அம்மா கதைய எழுதினா எல்லாரும் அழுவாங்க மாமா. நெலத்த எவன் குடுப்பான்?”

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நம் பத்திரிகைகளில் நாம் செய்துகொண்டிருப்பதும் இதுதானோ என்று தோன்றியது. தலித் என்றால் தன்வரலாறு, தலித் என்றால் வலி, தலித் என்றால் சாட்சியம். கண்ணீரை நாம் எழுத வேண்டும், கணக்கை அவர்கள் எழுதுவார்கள். இந்த வேலைப் பிரிவினையே ஒரு வர்ணாசிரமம். இதை நாமே விரும்பி ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

அம்பேத்கர் ஏற்றுக்கொள்ளவில்லை. லண்டனில் அவர் எழுதிய ஆய்வு ரூபாயைப் பற்றியது, கொலம்பியாவில் கொடுத்தது மாகாண நிதியைப் பற்றியது. தீண்டாமையைப் பற்றி அவருக்குச் சொல்ல இல்லாததாலா அரசாங்கத்தின் கல்லாப்பெட்டிக்குள் கையை விட்டார்? ரூபாய் ஆய்வை லண்டன் தேர்வாளர்கள் அப்படியே ஏற்கவில்லை, திருத்தச் சொன்னார்கள் என்று தனஞ்செய் கீர் எழுதுகிறார். திருத்திக் கொடுத்தார், முடிவுகளை மாற்றவில்லை. 1923-ல் புத்தகமாக வந்தபோது அவருடைய பேராசிரியர் எட்வின் கேனன் முன்னுரை எழுதினார். பல இடங்களில் தனக்கு உடன்பாடு இல்லை என்று அதிலேயே சொன்னார். உடன்படாத மாணவனுக்கு முன்னுரை எழுதுகிற பேராசிரியர் ஒருத்தர் அன்றைக்கு இருந்தார். நாணய விவகாரத்தை விசாரித்த ஹில்டன் யங் கமிஷன் முன்னால் போய்ச் சாட்சி சொல்ல அம்பேத்கருக்குக் கையில் இருந்த ஆயுதம் அந்த ஆய்வுதான்.

அதனால்தான் இங்கே எங்கள் பிள்ளைகள் ஓர் ஆய்வை எழுதி முடிப்பதே சண்டையாக இருக்கிறது. ஹைதராபாத்தில் ரோஹித் வெமுலாவுக்கு 2015 ஜூலையிலிருந்து உதவித்தொகை வரவில்லை. 2016 ஜனவரி 17-ல் அவன் இல்லை. ஜே.என்.யு.வில் ஆய்வுக்குச் சேர்ந்த சேலத்துப் பையன் முத்துக்கிருஷ்ணன் 2017 மார்ச்சில் இல்லாமல்போனான். முடிக்கப்படாத அந்த ஆய்வுகளை யார் முடிப்பார்கள்? ‘விட்டுட்டு வந்துடட்டுமா’ என்று ஒரு பிள்ளை கேட்டால் ‘வந்துடு, கதை எழுது’ என்று சொல்கிறவன் அவளுக்கு மாமன் இல்லை. அந்த வாசலை மூடுகிற கைகளில் அவன் கையும் ஒன்று. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “முடி. ஆனா அவங்க சொல்ற மாதிரி முடிக்காத” என்றேன்.

அவள் ஒரு காரியம் செய்தாள். அறிக்கையைச் சமர்ப்பிப்பதற்கு முன்னால், அவள் ஆராய்ந்த ஓர் ஊரின் காலனியில் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஜனத்தைக் கூட்டி, தமிழில் வாசித்தாள். நான் கூட இருந்து மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அக்காவும் வந்திருந்தாள். ‘நிறுவனத் தோல்வி’ என்று நான் எழுதி வைத்திருந்ததை ஒரு கிழவர் கேட்டுவிட்டு, “ஆபீசருங்க ஏமாத்திட்டானுங்கன்னு சொல்லேன், அதுக்கு இன்னா” என்றார். மாற்றிக்கொண்டோம்.

அங்கேதான் பெரிய தப்பு ஒன்று வெளிப்பட்டது. அட்டவணை ஒன்றில் ‘பட்டா உள்ள குடும்பங்கள்’ என்று ஒரு கட்டம். அவற்றை நிலம் உள்ள குடும்பங்களாக அவள் கணக்கில் எடுத்திருந்தாள். வாசித்ததும் ஒரு பெண் எழுந்து நின்றாள். “யம்மா, பட்டா பொட்டியில கீது. நெலம் ஊர்ல கீது.” பழைய பட்டா தாத்தா பேரில் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. நிலத்தை உழுகிறவன் ஊர்க்காரன். கேள்வித்தாளில் ‘பட்டா இருக்கிறதா’ என்று கேட்டதற்கு ‘இருக்கு’ என்று நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். நிலத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேள்வித்தாள் கேட்கவில்லை. அந்தக் கேள்வித்தாளைப் பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் சரிபார்த்து அனுமதி கொடுத்திருந்தார்கள். மூன்று பேர் கண்ணுக்குத் தப்பினதை ஒரு கூலிக்காரப் பெண் ஒரு வாக்கியத்தில் பிடித்தாள். பிள்ளை திரும்ப வீடுவீடாகப் போனாள். அந்த அட்டவணையை முழுக்க மாற்றி எழுதினாள். சமர்ப்பித்த பிறகு ‘களத்தரவு வலுவாக இருக்கிறது’ என்று பாராட்டு வந்ததும் அந்த அத்தியாயத்துக்குத்தான். விலகி நின்றால்தான் உண்மை தெரியும் என்றார்களே, கிட்டே போய் உரக்க வாசித்ததால் அல்லவா உண்மை தெரிந்தது!

இன்னொரு சங்கதியும் அங்கே வந்தது. ஆய்வு அறம் என்று சொல்லி, பேச்சுக் கொடுத்தவர்களின் பேரையும் ஊரையும் மறைக்கச் சொல்கிறார்கள். ஊருக்குக் ‘கிராமம் அ’ என்று பேர் வைக்க வேண்டும், சர்வே எண்ணும் கூடாது. பேரை மறைப்பது சரிதான். ஊருக்கு எதிராகப் பேசினவரின் வீடு மறுநாள் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாதா? ஜனங்களும் அதைத்தான் சொன்னார்கள். “எங்க பேரு போடாத. சர்வே நம்பர போடு.” எவ்வளவு தெளிவு பாருங்கள். ஆள் மறைய வேண்டும், நிலம் தெரிய வேண்டும். பல்கலைக்கழகத்தின் விதியில் ஆளும் மறைகிறது, நிலமும் மறைகிறது. ஊர் பேர் இல்லாத, சர்வே எண் இல்லாத நிலத்தை எந்தத் தாசில்தார் மீட்டுக் கொடுப்பார்? எங்களைப் பாதுகாக்கப் போட்ட விதி, நிலத்தை வளைத்தவனைப் பாதுகாக்கிறது. கடைசியில் இரண்டு அறிக்கை ஆயிற்று. பல்கலைக்கழகத்துக்கு ஆங்கிலத்தில் ‘கிராமம் அ’. காலனிக்குத் தமிழில் சர்வே எண்ணோடு ஒன்று. முதலாவதற்குப் பட்டம் கிடைத்தது. இரண்டாவதுதான் அறிக்கை.

‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற சொல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ‘அரசாணை நிபந்தனைக்கு மாறாக நிலத்தை வைத்திருப்போர்’ என்று எழுதினாள். ஒரு சொல்லுக்குப் பதில் நாலைந்து சொல். நீளம்தான். ஆனால் பங்குதாரர் என்று எழுதவில்லை. அவரும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சட்டத்தின் வாக்கியத்தையே எடுத்து வைத்தால் அவர் என்ன சொல்ல முடியும்?

பொதுக்கொள்கை என்று கடைவிரித்திருக்கிற பல்கலைக்கழகங்களுக்கும், அங்கே படிக்கப் போகிற நம் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இவ்வளவுதான். சேரியைப் பற்றி எழுதிய எந்த அறிக்கையும் அந்தச் சேரியில், அந்த ஜனத்தின் மொழியில் வாசிக்கப்படாமல் சமர்ப்பிக்கப்படக் கூடாது. அங்கே சொன்ன திருத்தம் அறிக்கையில் ஏற வேண்டும். ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று எழுத வேண்டும். ஒரு பிரதி தமிழில் அங்கேயே இருக்க வேண்டும். யார் பேரை மறைப்பது, எதை வெளியே சொல்வது என்பதைப் பேசினவர்கள் தீர்மானிக்க வேண்டும். இதற்கு நிதி வேண்டாம், கமிட்டி வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் போதும். ஓரிரவு இருக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு இரவு வந்து இருப்பதில் என்ன கஷ்டம்?

‘அப்படி வாசித்தால் ஆய்வின் நடுநிலை கெடும்’ என்பார்கள். நிதி கொடுத்தவரிடம் வரைவைக் காட்டிக் கருத்துக் கேட்கிறீர்களே, துறைச் செயலாளர் முன்னால் படம் போட்டு விளக்குகிறீர்களே, அப்போது கெடாத நடுநிலை பெட்டியில் பட்டா வைத்திருக்கிற பெண் முன்னால் மட்டும் கெட்டுவிடுமா?

நம் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பட்டத்தை விடாதீர்கள். அட்டவணை போடக் கற்றுக்கொள்ளுங்கள், வில்லங்கம் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், அரசாணையைத் தேதியோடு சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். கதை எழுத எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம். கணக்கு எழுத ஆள் போதவில்லை.

வாசித்து முடித்து வீட்டுக்கு வரும்போது அக்கா பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. ஓரிக்கையில் இறங்கி நடக்கும்போது கேட்டாள். “தம்பி, நான் சின்னப் புள்ளையா தறியில இருந்தப்ப வந்து எழுதிக்கினு போனாங்களே, அதுல நான் இன்னா சொன்னேன்னு எங்கனா இருக்குமா? கேட்டா குடுப்பாங்களா?”

எனக்குத் தெரியவில்லை. தேடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளையின் தமிழ் அறிக்கையின் நாலாவது அத்தியாயத்தை இணைத்து அந்த ஊர்க்காரர்கள் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.